டிவியில் ஓடும் வரலாறு: தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் கேட்ட கேள்விகள்

தருமபுரியில் கூடும் எங்கள் வாசகர் வட்டத்தில் இந்த முறை எடுத்துக்கொண்டது, டிவியில் வரும் வரலாற்று ஆவணப்படங்கள். நான் பல வருடம் ஆவணப்படங்களுக்குத் தகவல் திரட்டி ஸ்கிரிப்ட் எழுதியவன் என்பதால் பதில் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. இரண்டு மாவட்டங்களிலிருந்தும் வந்த கேள்விகளில் முக்கியமானவற்றை இங்கே எழுதுகிறேன். எல்லாக் கேள்விக்கும் அடியில் எனக்கு இருக்கும் அக்கறை ஒன்றுதான்: திரையில் ஒரு விஷயம் வந்ததும் "இது எப்படித் தெரிந்தது?" என்று வீட்டில் யாராவது ஒருவர் கேட்க வேண்டும்.

சார், போர்க் காட்சியெல்லாம் காட்டுகிறார்களே, எது நிஜமாக எடுத்தது, எது நடித்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (கிருஷ்ணகிரி, மளிகைக் கடை நடத்துபவர்)

ஒரே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: கேமராக்காரர் எங்கே நிற்கிறார்? சிப்பாய்கள் கேமராவை நோக்கி ஓடி வருகிறார்கள், எதிரியும் கேமரா இருக்கும் பக்கம்தான் இருக்கிறான் என்றால், படம் எடுத்தவர் இரண்டு படைக்கும் நடுவில் நின்றிருக்க வேண்டும். அப்படி நின்று யாரும் பிழைக்க முடியாது. அந்தக் காட்சி பயிற்சியிலோ போர் முடிந்த பிறகோ எடுத்ததாக இருக்கும்.

இதற்குப் பழைய உதாரணமே உண்டு. முதல் உலகப் போரில் பிரான்ஸின் சோம் பகுதியில் நடந்த சண்டையைப் படமாக்கி 1916 ஆகஸ்டில் லண்டனில் வெளியிட்டார்கள். ஆறே வாரத்தில் சுமார் 2 கோடிப் பேர் பார்த்தார்கள். அதில் பெரும்பகுதி உண்மையான போர்முனைப் படம். ஆனால் எல்லோர் மனதிலும் நின்ற காட்சி, பதுங்கு குழியிலிருந்து சிப்பாய்கள் ஏறிப் போவதும் ஒருவர் அப்படியே சரிந்து விழுவதும். அது முனைக்குப் பின்னால், பாதுகாப்பான இடத்தில் நடிக்க வைத்து எடுத்தது. நூறு வருடம் கழித்தும் அந்தத் துண்டைப் பல நிகழ்ச்சிகளில் அசல் சண்டை போலவே ஒட்டிவிடுகிறார்கள்.

அப்புறம் சத்தம். அந்தக் காலத்துப் போர்முனைப் படங்களில் பெரும்பாலானவை ஊமைப் படங்கள். குண்டு வெடிப்பதும் பூட்ஸ் சத்தமும் பிறகு ஸ்டுடியோவில் சேர்த்தவை.

அப்படியென்றால் கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கலர் ஏற்றுவதும் ஏமாற்று வேலைதானா அண்ணா? (தருமபுரி, கல்லூரி மாணவர்)

எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள் தம்பி. 2018-ல் திரைப்பட இயக்குநர் பீட்டர் ஜாக்சன், லண்டன் போர் அருங்காட்சியகத்தில் இருந்த முதல் உலகப் போர்ப் படங்களை எடுத்துக் கலர் ஏற்றி ஒரு ஆவணப்படம் செய்தார். கையால் சுற்றும் கேமராவில் எடுத்தவை என்பதால் அந்தப் படங்களின் வேகம் ஒன்றுக்கொன்று மாறும். அதனால்தான் பழைய படங்களில் ஆட்கள் குடுகுடுவென்று ஓடுவது போலத் தெரிகிறது. அவர் அந்த வேகத்தைச் சரி செய்தார். உதட்டசைவைப் படிக்கத் தெரிந்தவர்களை உட்கார வைத்து, சிப்பாய்கள் என்ன பேசினார்கள் என்று பார்த்து, குரல் கொடுக்க வைத்தார். கதை சொல்லும் குரல்கள் எல்லாம் பிற்காலத்தில் பேட்டியில் பதிவான உண்மையான போர் வீரர்களின் குரல்கள்.

இதில் எது அசல், எது சேர்த்தது என்பதை அவர்கள் மறைக்கவில்லை. எனக்கு அதுதான் அளவுகோல். சொல்லிவிட்டுச் செய்தால் சரி. ஆனாலும் கலரைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சட்டையின் நிறத்தைச் சீருடை பார்த்துப் போடலாம், ஒரு மனிதனின் கண் நிறத்தை யூகிக்கத்தான் முடியும்.

செயற்கை நுண்ணறிவில் செய்த மன்னர் படங்கள் யூடியூபில் நிறைய வருகின்றனவே? (ஓசூர்)

அவை ஓவியம். ஓவியமாக நினைத்துப் பாருங்கள். அதில் தெரியும் கிரீடத்தையோ கோட்டையையோ பார்த்து அந்தக் காலத்தைப் பற்றி எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

மயிலாடும்பாறையில் 4,200 வருட இரும்பு என்று டிவியில் பெருமையாகக் காட்டினார்கள். பிள்ளைகளுக்கு வகுப்பில் எப்படிச் சொல்வது? (ஊத்தங்கரை, ஆசிரியை)

பெருமையாகவே சொல்லுங்கள் டீச்சர். கூடவே அது எப்படித் தெரிந்தது என்பதையும் சொல்லுங்கள். டிவியில் இந்த இரண்டாவது பாதி பத்து விநாடிகூட வராது.

நம் பர்கூர் பக்கம் தொகரப்பள்ளி அருகில் இருக்கிறது மயிலாடும்பாறை. அங்கே தோண்டியதில் கிடைத்த மாதிரிகளை அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். ஒன்றுக்கு கி.மு. 1615, இன்னொன்றுக்கு கி.மு. 2172 என்று காலக்கணிப்பு வந்தது. முதல்வர் அதை 2022 மே மாதம் சட்டமன்றத்தில் அறிவித்தார். அதுவரை தமிழ்நாட்டில் இரும்பு அவ்வளவு முந்தையது என்று யாரும் எண்ணியதில்லை.

பிள்ளைகள் புரிந்துகொள்ள வேண்டிய இடம் இது: சோதனைக்குப் போனது இரும்புத் துண்டு இல்லை. இரும்புப் பொருள் கிடைத்த அந்த மண்ணடுக்கில் இருந்த கரிமப் பொருள். உயிரோடு இருந்த எதுவும் இறந்த பிறகு அதற்குள் இருக்கும் கார்பன் 14 குறைந்துகொண்டே வரும், எவ்வளவு மிச்சம் என்று பார்த்து வருடம் சொல்கிறார்கள். அப்படியானால் அந்தக் கரித்துண்டும் அந்த இரும்பும் ஒரே காலத்தில்தான் அந்த மண்ணில் விழுந்தன என்று காட்ட வேண்டும். அதற்குத்தான் தொல்லியல்காரர்கள் குழியை நாலு பக்கமும் நேராகச் செதுக்கி, அடுக்கு அடுக்காகக் கோடு போட்டு, ஒவ்வொரு பொருளும் எத்தனை சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்தது என்று எழுதுகிறார்கள். நீங்கள் பார்த்த நிகழ்ச்சியில் அந்தக் குழிச் சுவரைக் காட்டினார்களா? காட்டியிருந்தால் நல்ல நிகழ்ச்சி. உலைக்களத்தில் யாரோ ஒருவர் சம்மட்டியால் அடிக்கும் கிராபிக்ஸை மட்டும் காட்டியிருந்தால் முக்கியமானதை விட்டுவிட்டார்கள்.

இன்னொன்று. 2025 ஜனவரியில் வந்த அறிக்கையில் தூத்துக்குடி மாவட்டம் சிவகளைக்கு கி.மு. 3345 வரை காலம் சொல்லப்பட்டது. ஆகவே "தமிழ்நாட்டிலேயே மிகப் பழையது" என்று பழைய நிகழ்ச்சியில் வந்தால், அது எந்த வருடம் எடுத்தது என்று பார்த்துவிட்டு வகுப்பில் போடுங்கள்.

அதியமானின் வேல் செய்த இரும்பும் அதுதான் என்று ஒரு நிகழ்ச்சியில் சொன்னார்கள். சரியா? (பென்னாகரம்)

ஒரே ஷாட்டில் ஒட்டினால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டுக்கும் நடுவில் கிட்டத்தட்ட 2,000 வருடம் இருக்கிறது. இன்றைக்கும் சங்க காலத்துக்கும் உள்ள தூரம் அது. இந்தப் பகுதியில் இரும்புத் தொழில் வெகு காலம் இருந்தது என்று சொல்லலாம், அதுவே பெரிய விஷயம்.

அதியமானுக்கு நம்மிடம் இருக்கும் கெட்டியான சாட்சிகள் வேறு. 1981-ல் ஜம்பை என்ற ஊரில், இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், ஒரு குகையில் தமிழ் பிராமிக் கல்வெட்டு கிடைத்தது. "ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பளி" என்று ஒரே வரி. துறவிகளுக்கு அவர் கொடுத்த தங்குமிடம். அசோகரின் இரண்டாம் பாறைக் கட்டளையில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரருடன் சத்தியபுத்திரர் என்றும் ஒரு பெயர் வரும். அவர்கள் யார் என்று வெகுநாள் வாதம் நடந்தது. சத்தியபுத்திரர் என்றது அதியமான் குலத்தைத்தான் என்று அந்த ஒரு வரி அதை முடித்து வைத்தது. ஒரு மணி நேர நிகழ்ச்சியில் குதிரையும் வாளும் ஓடுவதற்குப் பதிலாக, அந்தக் குகைச் சுவரில் கேமராவை நிறுத்தி எழுத்து எழுத்தாகப் படித்துக் காட்டினால் நான் கண் கொட்டாமல் பார்ப்பேன்.

ஔவையாரை எப்போதும் கோலூன்றிய பாட்டியாகவே காட்டுகிறார்களே, அவர் வயசே அதுதானா? (தருமபுரி, இல்லத்தரசி)

நல்ல கேள்வி கேட்டீர்கள் அம்மா. ஔவையார் என்ற பெயரில் வெவ்வேறு காலத்தில் புலவர்கள் இருந்திருக்கிறார்கள். நம் மனதில் இருக்கும் பாட்டி, பிற்கால ஔவையின் உருவம். 1953-ல் வந்த படத்தில் கே.பி.சுந்தரம்பாள் நடித்த பிறகு அந்த உருவம் ஊரெல்லாம் நிலைத்துவிட்டது.

அதியமானோடு இருந்த சங்க கால ஔவையைப் பாட்டி என்று சொல்லச் சான்று இல்லை. புறநானூறு 89-ஆம் பாட்டைப் பாருங்கள். பகை வேந்தன் அவரை "வாள்நுதல் விறலி" (ஒளிரும் நெற்றி கொண்ட ஆடல் பெண்ணே) என்று அழைத்து, "உங்கள் நாட்டில் போர் செய்ய ஆள் உண்டா?" என்று கேட்கிறான். மை தீட்டிய கண்ணும் நகையும் பூண்ட பெண்ணாகத்தான் அதில் வருகிறார். 95-ஆம் பாட்டு இன்னும் அருமை. தொண்டைமானின் ஆயுதச் சாலையில் வேல்கள் மயில் பீலி சூடி, நெய் பூசி, பளபளவென்று இருக்கின்றன. எங்கள் அரசனுடைய வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். புகழ்வது போலச் சொல்லிக் குத்துகிறார். ஒரு ஆவணப்படக்காரருக்கு இதைவிட என்ன வேண்டும்? இரண்டு ஷாட் போதும், ஒன்று ஆயுதச் சாலை, ஒன்று பட்டறை. அதில் நடிக்கும் பெண்ணுக்கு நரைமுடி வைக்க வேண்டாம் என்பதுதான் என் கோரிக்கை.

எங்கள் ஊர்ப் பக்கம் குன்றில் உள்ள கல்வீடுகளை வேற்றுக்கிரகவாசிகள் கட்டினார்கள் என்று என் பையன் டிவி பார்த்துவிட்டுச் சொல்கிறான். என்ன பதில் சொல்ல? (பர்கூர்)

பையனைக் கூட்டிக்கொண்டு மல்லச்சந்திரம் போங்கள். குன்றின் மேல் வரிசை வரிசையாக நிற்கும் கற்திட்டைகளை அவன் கையால் தொட்டுப் பார்க்கட்டும். பாண்டவர் வீடு, குள்ளர் வீடு என்றெல்லாம் ஊருக்கு ஒரு பெயர் சொல்வார்கள். பெருங்கற்கால மக்கள் இறந்தவர்களுக்காக எழுப்பியவை. நாலு பக்கம் பலகைக்கல், மேலே ஒரு மூடுகல், சிலவற்றில் ஒரு பலகையில் வட்டமாக ஓட்டை.

"இவ்வளவு பெரிய பலகையை எப்படி வெட்டினார்கள்?" என்று அவன் கேட்பான். அந்தப் பாறையையே காட்டுங்கள். நம் ஊர்ப் பாறை வெயிலிலும் குளிரிலும் தானே தகடு தகடாக உரியும் வகை. அதன் மேல் தீ மூட்டிச் சூடேற்றினால் இன்னும் சுலபமாகப் பிளவு விடும். நெம்பி எடுத்தால் பலகை தயார். கல் உடைக்கும் தொழிலில் இருந்த பெரியவர்கள் கிருஷ்ணகிரியில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், ஒருவரிடம் பேச வையுங்கள். பையன் பார்த்த நிகழ்ச்சியில் அப்படி ஒரு கல்தொழிலாளி வந்தாரா என்று கேளுங்கள். வந்திருக்க மாட்டார்.

இந்த வகை நிகழ்ச்சிகள் 2010-லிருந்து வரலாற்றுச் சேனலிலேயே தொடராக ஓடுகின்றன. அவற்றில் வரும் வாக்கியங்களைக் கவனித்தால் பெரும்பாலும் கேள்வியாகவே முடியும்: "இருக்கக்கூடுமா?", "சாத்தியம்தானா?" கேள்வி கேட்டதற்கு யாரும் ஆதாரம் கேட்க மாட்டார்கள் என்ற தைரியம். எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு. நம் முன்னோர் தோள் வலிக்கத் தூக்கி வைத்த கல்லை, அவர்களால் முடியாது என்று சொல்வதுதான் அதன் உள்ளர்த்தம்.

திப்பு சுல்தான் சீரியல் பார்த்து வளர்ந்தவன் நான். கிருஷ்ணகிரிக் கோட்டை, ராயக்கோட்டை எல்லாம் அவர் கையில்தானே இருந்தது. அந்த சீரியலை ஆவணமாக எடுத்துக்கொள்ளலாமா? (ராயக்கோட்டை, ஓய்வு பெற்ற அரசு ஊழியர்)

கூடாதுங்க. 1990-ல் தூர்தர்ஷனில் வந்த அந்தத் தொடர் ஒரு நாவலை வைத்து எடுத்தது. வழக்கு வரை போய், இது புனைகதை என்று திரையில் அறிவிப்புப் போட வேண்டியதாயிற்று. பலருக்குத் தொடர் ஞாபகம் இருக்கிறது, அறிவிப்பு ஞாபகமில்லை.

உங்கள் ஊருக்கு அருமையான சாட்சி உண்டு. மூன்றாம் மைசூர்ப் போரில் 1791 ஜூலையில் ராயக்கோட்டை கிழக்கிந்தியக் கம்பெனிப் படையிடம் விழுந்தது. அதே வருடம் நவம்பரில் கிருஷ்ணகிரியைத் தாக்கியபோது கீழே இருந்த பேட்டையைப் பிடித்தார்கள், மலைக்கோட்டை மேல் ஏற முடியவில்லை, திரும்பிப் போனார்கள். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில்தான் பாராமகால் என்று அழைக்கப்பட்ட நம் பகுதி முழுவதும் கம்பெனி கைக்கு வந்தது. அந்த வருடமே தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற ஓவியர்கள் இந்தப் பக்கம் வந்து மலைக்கோட்டைகளை வரைந்தார்கள், ராயக்கோட்டையும் அதில் உண்டு. அச்சுப் படமாக வந்தவை, இணையத்தில் பார்க்கலாம். அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அவர்கள் நின்ற இடத்தைத் தேடி நின்று பாருங்கள். மலையின் கோடு எங்கே அப்படியே இருக்கிறது, எங்கே ஓவியர் கொஞ்சம் உயர்த்திப் போட்டிருக்கிறார் என்று தெரியும். டிவிக்காரர்கள் வந்தால் அவர்களையும் அங்கே கூட்டிப் போங்கள்.

சுப்பிரமணிய சிவாவின் அசையும் படம் ஏதாவது கிடைக்குமா? பள்ளியில் ஒரு சின்ன ஆவணப்படம் செய்கிறோம். (பாப்பாரப்பட்டி, மாணவி)

நான் பார்த்ததில்லை பாப்பா. அதனால் மனம் தளர வேண்டாம். அவருடைய பேச்சு இருக்கிறது. 1908-ல் வ.உ.சி.யோடு அவர் மேல் ராஜத்துரோக வழக்குப் போட்டார்கள். திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே சிவாவுக்குப் பத்து வருடம் தீவாந்திர தண்டனை கொடுத்தார், உயர் நீதிமன்றத்தில் அது ஆறு வருடமாகக் குறைந்தது. அவரைத் தண்டிக்க ஆதாரமாக வைத்ததே அவர் மேடையில் பேசிய பேச்சுகள்தான். கூட்டத்தில் போலீஸ் எடுத்த குறிப்புகளால் அந்த வார்த்தைகள் நமக்கு மிஞ்சின. அவற்றில் ஒரு பத்தியை உங்கள் வகுப்பில் நல்ல குரல் உள்ளவர் வாசிக்கட்டும். திரையில் 1925 ஜூலை 23 அன்று அவர் மறைந்த உங்கள் ஊரின் தெருவையும் நினைவிடத்தையும் காட்டுங்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றி 1990-ல் கென் பர்ன்ஸ் எடுத்த தொடர் பழைய போட்டோக்களாலும் கடிதங்களாலும் ஆனது. போட்டோவின் ஒரு மூலையில் தொடங்கி மெதுவாக முகத்துக்குப் போவார், பின்னால் ஒருவர் கடிதம் வாசிப்பார். நாலு கோடிப் பேர் பார்த்தார்கள்.

ராஜாஜிக்கு? (தொரப்பள்ளி பக்கம்)

நிறைய உண்டு. 1948 ஜூனில் கவர்னர் ஜெனரலாகப் பதவியேற்றதையெல்லாம் செய்திப்படக்காரர்கள் எடுத்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் பாத்தே நிறுவனம் 2014-ல் தன் 85,000 பழைய செய்திப்படங்களை யூடியூபில் போட்டது. அதில் தேடத் தொடங்குங்கள்.

தமிழர் யாராவது இந்த மாதிரி பெரிய ஆவணப்படம் எடுத்திருக்கிறார்களா? (பாலக்கோடு)

ஏ.கே.செட்டியார். இந்தப் பெயரை ஒவ்வொரு பள்ளியிலும் சொல்ல வேண்டும். செட்டிநாட்டுக் கோட்டையூர்க்காரர். 1937-ல் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போகும்போது காந்தி பற்றி ஆவணப்படம் எடுக்கும் யோசனை வந்தது. அன்று அக்டோபர் 2. அதன் பிறகு உலகம் முழுக்க அலைந்தார். முப்பது வருடத்தில் சுமார் நூறு கேமராக்காரர்கள் எடுத்த, 50,000 அடி நீளப் படத்தைத் தேடித் தேடிச் சேர்த்தார். 1940-ல், வெள்ளைக்காரன் ஆட்சியில், உலகப் போர் நடக்கும்போது, தமிழ் விளக்கவுரையோடு வெளியிட்டார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. 1953-ல் ஆங்கில வடிவமும் அமெரிக்காவில் வந்தது. இன்று காந்தி நடக்கும் காட்சியை டிவியில் பார்க்கும்போது, அதைத் தேடி எடுக்க முதலில் கிளம்பியவர்களில் ஒரு தமிழர் இருந்தார் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

குடும்பத்தோடு பார்க்க எதில் ஆரம்பிக்கலாம்? (காவேரிப்பட்டணம்)

இந்திய வரலாற்றுக்கு ஷியாம் பெனகல் 1988-ல் தூர்தர்ஷனுக்குச் செய்த 'பாரத் ஏக் கோஜ்' என்ற 53 பகுதித் தொடர். நேருவின் நூலை வைத்து, நடிப்பும் விளக்கமும் கலந்தது, எது நேருவின் கருத்து என்பதை நேரு பாத்திரமே வந்து சொல்லிவிடும். பெரியவர்களுக்கு, 1973-ல் பிரிட்டனில் வந்த 'தி வேர்ல்ட் அட் வார்' என்ற 26 பகுதி இரண்டாம் உலகப் போர்த் தொடர். அதில் தலைவர்களைவிட, அவர்கள் பக்கத்தில் இருந்த செயலாளர்கள், உதவியாளர்கள், சாதாரண சிப்பாய்கள், ஊர் மக்கள்தான் அதிகம் பேசுகிறார்கள். அந்த ஆட்கள் உயிரோடு இருந்த கடைசிக் காலத்தில் எடுத்ததால் அதைப் போல இனி ஒன்று எடுக்க முடியாது.

எங்கள் ஊர் வேடியப்பன் கோயிலில் நடுகற்கள் இருக்கின்றன. போனிலேயே படம் எடுத்து ஆவணப்படம் செய்யலாமா அண்ணா? (அரூர், இளைஞர்)

செய்யுங்கள், இந்தக் கூட்டத்தில் வந்த கேள்விகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். தமிழ்நாட்டில் நடுகற்கள் அதிகம் கிடைத்தது நம் தருமபுரி, கிருஷ்ணகிரி, பக்கத்துச் செங்கம் பகுதியில்தான். எங்கோ லண்டனில் எடுத்த படத்தைப் பார்ப்பதோடு நிற்க வேண்டியதில்லை.

முதலில் பூசாரியிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் கேளுங்கள். அது அவர்களுடைய சாமி. கல்லின் மேல் எண்ணெயும் மஞ்சளும் ஏறியிருக்கும், எழுத்து தெரியவில்லை என்று சுரண்டவோ, சுண்ணாம்பு, சாக்பீஸ் பூசவோ கூடாது. அதற்குத் தேவையும் இல்லை. உச்சி வெயிலில் நேராக எடுத்தால் கல் மொழுக்கென்று இருக்கும். காலை ஏழு மணிக்கு, வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழும்போது போங்கள், ஒவ்வொரு கீறலிலும் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். கல் வெயில் படாத பக்கம் பார்த்தோ மரத்தடியிலோ இருந்தால், இருட்டிய பிறகு ஒருவர் டார்ச்சைக் கல்லின் ஓரத்தோடு ஒட்டி, கிட்டத்தட்ட கல்லைத் தடவுவது போலப் பிடிக்கட்டும், நீங்கள் நேராக நின்று எடுங்கள். டார்ச்சை நாலு பக்கமும் மாற்றி மாற்றி வைத்து நாலு படம். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து ஒரு படம். கல் நிற்கும் இடம், சுற்றியுள்ள வயல், மலை தெரிய ஒரு அகலமான ஷாட்.

எழுத்து இருந்தால் பெரும்பாலும் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தாக இருக்கும். வாசகம் அனேகமாக ஒரே போக்கில் போகும்: எந்த அரசனுக்கு எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய ஆள், என்ன சண்டை, "பட்டான் கல்" என்று முடியும். மாட்டு மந்தையைத் "தொறு" என்பார்கள், தொறு கவர வந்தவர்களோடு சண்டையிட்டு இறந்தவர்கள்தான் அதிகம். செங்கம் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டுக் கல் ஒன்று உண்டு. தொறு மீட்கப் போய் இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எழுப்பியது. வீரன் பக்கத்தில் ஒரு நாய் நிற்கிறது. அந்த நாய்க்கும் தனியாக எழுத்து: கோவிவன் என்ற பெயர், இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று. 1,400 வருடத்துக்கு முந்தைய ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது, அதைக் கல்லில் வெட்டச் சொன்ன மனிதர்கள் இருந்தார்கள். இதற்கு எந்த கிராபிக்ஸும் வேண்டாம்.

நீங்கள் எடுத்த எழுத்தை நீங்களாகப் படித்து முடிவு கட்டாதீர்கள். தொல்லியல் துறை வெளியிட்ட செங்கம் நடுகற்கள், தருமபுரிக் கல்வெட்டுகள் தொகுதிகளில் உங்கள் ஊர்ப் பெயர் இருக்கிறதா என்று மாவட்ட நூலகத்தில் பாருங்கள். இருந்தால் அந்தப் பாடத்தைத் திரையில் போடுங்கள். இல்லாவிட்டால் படங்களோடு தருமபுரி அருங்காட்சியகத்துக்கோ கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்துக்கோ போங்கள். இரண்டு இடத்திலும் நடுகற்கள் வைத்திருக்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்கலாம், யாரிடம் காட்டுவது என்றும் கேட்கலாம். பூசாரி அந்தக் கல்லைப் பற்றிச் சொல்லும் கதையையும் முழுசாகப் பதிவு செய்யுங்கள். கல் சொல்வதும் அவர் சொல்வதும் வேறாக இருந்தால் இரண்டையும் படத்தில் வையுங்கள், எது எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிட்டு. முடித்ததும் கொண்டு வாருங்கள், நம் வட்டத்திலேயே புரொஜெக்டர் போட்டுப் பார்ப்போம்.